36.50 பவுண்ட் கேக்கும் மூன்று சொற்களும்: பெல்ஃபாஸ்ட் ஆஷர்ஸ் பேக்கரி வழக்கு

2014 மே மாதம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ராயல் அவென்யூவில் இருக்கும் ஆஷர்ஸ் பேக்கரிக்குள் ஒருவர் வருகிறார். கையில் ஒரு ஏ4 தாள். அதில் வண்ணப் படம்: குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வரும் இரண்டு பொம்மைகள், அவர் தொண்டு செய்யும் குயிர்ஸ்பேஸ் என்ற தன்பாலீர்ப்பாளர் அமைப்பின் சின்னம், தலைப்பாக ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். தமிழில் சொன்னால், ‘தன்பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்’.

அந்தப் படத்தை அப்படியே கேக்கின் ஐசிங் மேல் அச்சிட்டுத் தர வேண்டும் என்று கேட்டார். ஆர்டர் எடுத்தவர் கடையின் உரிமையாளர் குடும்பத்துப் பெண்மணி. மறுப்பு எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார், பணத்தையும் வாங்கிக்கொண்டார். 36 பவுண்ட் 50 பென்ஸ். கடையில் நாலு பேர் முன்னால் அந்த மனிதரைச் சங்கடப்படுத்த வேண்டாம், எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சொல்லலாம் என்று அவர் நினைத்திருந்தார்.

சனி ஞாயிறு குடும்பம் கலந்து பேசியது. மே 12, திங்கட்கிழமை, அந்தப் பெண்மணியே ஃபோன் செய்தார். நாங்கள் கிறிஸ்தவ நிறுவனம், அந்த வாசகத்தை எங்களால் அச்சிட முடியாது, மன்னியுங்கள் என்றார். முழுப் பணமும் படமும் பிற்பாடு திரும்பி வந்தன. வாடிக்கையாளர் வேறொரு கடையில் அதே மாதிரி ஒரு கேக்கைச் செய்து வாங்கி, பேங்கர் நகரில் நடந்த நிகழ்ச்சிக்குக் கொண்டு போனார்.

கேக் கதை அத்தோடு முடிந்தது. வழக்கு அதற்கப்புறம் ஏழரை ஆண்டுகள் ஓடியது: மூன்று உள்நாட்டு நீதிமன்றங்கள், கடைசியில் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். கடை நடத்துபவர் தன் மனசாட்சியைக் காரணம் காட்டி ஒரு வேலையை மறுக்கலாமா என்ற கேள்வி பல நாடுகளில் வந்திருக்கிறது. ஆனால் அதை இந்த வழக்கைப் போலத் துப்புரவாகப் பிரித்துப் பார்த்த தீர்ப்பு குறைவு. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு தரப்பும் யார்

ஆஷர்ஸ் 1992-இல் தொடங்கிய குடும்ப பேக்கரி. வழக்கு வந்தபோது சுமார் ஆறு கடைகளும் அறுபதுக்கு மேற்பட்ட ஊழியர்களும் இருந்தார்கள். பெயரே பைபிளிலிருந்து வந்தது. ஆதியாகமம் 49-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது வரும் ஆசேர்தான் இந்த ஆஷர். அரசர்களுக்கு ஏற்ற ருசியான உணவு தருவான் என்று அங்கே அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நடப்பதுதான் திருமணம் என்பது கடையை நடத்தும் மெக்ஆர்தர் குடும்பத்தின் நம்பிக்கை. அது நாடகம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் லீ தன்பாலீர்ப்பாளர். அந்தக் கடையில் முன்பும் பொருள் வாங்கியிருக்கிறார். கடைக்காரர்களின் மத நம்பிக்கை அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. ‘நீங்களே வடிவமைக்கும் கேக்’ என்று கடை விளம்பரத் தாள் போட்டிருந்தது. எந்தப் படம், எந்த வாசகம் என்று அதில் மதம் சார்ந்த கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. இதை மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேசக் கூடாது. வாசலில் ‘எல்லோரும் வாருங்கள்’ என்று எழுதி வைத்த கடைக்குள் நம்பி நுழைந்தவர், மூன்று நாள் கழித்து ஃபோனில் ‘உங்களுக்கு முடியாது’ என்று கேட்கிறார். அவமானப்பட்டதாக அவர் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன்.

காலத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 மார்ச்சில் தன்பாலினத் திருமணங்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. வட அயர்லாந்துச் சட்டமன்றம் மட்டும் ஏப்ரல் 29 அன்று, அதாவது ஆர்டர் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பு, அதை ஆதரிக்கும் தீர்மானத்தைத் தோற்கடித்திருந்தது. ஆக, அந்த மூன்று சொற்களும் சாதாரண வாழ்த்து இல்லை. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு அரசியல் கோரிக்கை.

முதல் இரண்டு சுற்று

வட அயர்லாந்துச் சமத்துவ ஆணையம் லீயின் பக்கம் நின்று வழக்கை நடத்தியது. பேக்கரியின் வழக்குச் செலவை கிறிஸ்டியன் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு ஏற்றுக்கொண்டது.

இரண்டு சட்டங்கள் களத்துக்கு வந்தன. ஒன்று, பாலீர்ப்பு அடிப்படையில் பொருளோ சேவையோ மறுக்கக் கூடாது என்னும் 2006-ஆம் ஆண்டு விதிகள். இன்னொன்று, மத நம்பிக்கையும் அரசியல் கருத்தும் காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் 1998-ஆம் ஆண்டு ஆணை. இந்த இரண்டாவது வட அயர்லாந்தின் மண்ணிலிருந்து முளைத்தது. கத்தோலிக்கருக்கு வேலை இல்லை, இன்ன கட்சிக்காரனுக்கு இடம் இல்லை என்று பல தலைமுறையாக நடந்த அநியாயத்துக்கு மருந்தாக 1976-லிருந்து படிப்படியாக வந்த சட்டம் அது. பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கான 2010 சமத்துவச் சட்டத்தில் அரசியல் கருத்து இப்படிப் பெயர் சொல்லித் தனியாக இடம்பெறவில்லை.

2015 மே 19 அன்று மாவட்ட நீதிபதி இசோபெல் பிரவுன்லி லீக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பாலீர்ப்பு காரணமாகவும் நேரடிப் பாகுபாடு, மதம் அரசியல் காரணமாகவும் நேரடிப் பாகுபாடு என்றார். இழப்பீடு 500 பவுண்ட். மூன்றே நாளில், மே 22 அன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் அயர்லாந்துக் குடியரசு மக்கள் வாக்கெடுப்பு மூலம் தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டது.

2016 அக்டோபர் 24 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் பேக்கரிக்கு எதிராகவே முடிவு சொன்னது. தலைமை நீதிபதி டெக்லன் மார்கன் வழங்கிய அந்தத் தீர்ப்பில் நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு யோசனை இருந்தது: மத, அரசியல் வாசகம் எதையும் எழுத மாட்டோம் என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினையே வராது, சிலருக்கு எழுதி, சிலருக்கு மறுப்பதுதான் கூடாது. இன்னொன்றும் சொன்னார்கள். ஹாலோவீன் கேக்கில் சூனியக்காரி படம் போட்டால் பேக்கரிக்காரர் சூனியத்தை ஆதரிக்கிறார் என்று யாராவது நினைப்பார்களா?

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. லீயின் தரப்பை ஆதரித்து, பேக்கரியைக் கண்டித்த மனித உரிமைப் போராளி பீட்டர் டாட்செல் 2016-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் தெருவில் நின்ற மனிதர் அவர். யாருக்கும் சேவையை மறுக்கக் கூடாது, ஆனால் தனக்கு உடன்பாடில்லாத கருத்தைப் பரப்ப யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

ஐந்து நீதிபதிகள் கேட்ட கேள்வி

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் பெல்ஃபாஸ்டுக்கே வந்து அமர்ந்து இந்த வழக்கைக் கேட்டது. வட அயர்லாந்தில் அந்த நீதிமன்றம் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அக்டோபர் 10 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் பேக்கரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். பாகுபாடு பற்றிய முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிமன்றத் தலைவர் லேடி ஹேல்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது. இதே தாளை இன்னொருவர் கொண்டுவந்திருந்தால்? மனைவி பிள்ளைகளோடு இருக்கும் ஒருவர், மகனுக்காகவோ நண்பனுக்காகவோ இதே மூன்று சொற்களைக் கேட்டிருந்தால், பேக்கரி என்ன செய்திருக்கும்? அவருக்கும் மறுத்திருக்கும். சரி, லீ ஒரு பிறந்தநாள் கேக் கேட்டிருந்தால்? தாராளமாகக் கொடுத்திருக்கும். முன்பும் விற்றிருக்கிறார்கள். அப்படியானால் மறுப்பு அந்த மனிதர் மேல் இல்லை, வாசகத்தின் மேல். லீ தன்பாலீர்ப்பாளர் என்பதால் ஆர்டர் ரத்தானது என்று கீழ் நீதிமன்றமே முடிவுக்கு வரவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருந்தது. சில விஷயங்களில் வாசகத்தையும் ஆளையும் பிரிக்கவே முடியாது. பூணூல் போட்டவரை உள்ளே விட மாட்டேன் என்பவர், நான் நூலைத்தான் எதிர்க்கிறேன், ஆளை இல்லை என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பது அப்படி ஒரு அடையாளம் இல்லை என்றது நீதிமன்றம். அதை ஆதரிப்பவர்களில் எல்லா வகை மனிதர்களும் இருக்கிறார்கள், பலன் அடைகிறவர்களிலும் அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள், நண்பர்கள் எல்லோரும் அடக்கம்.

அரசியல் கருத்து என்ற இரண்டாவது சட்டத்தில் விஷயம் இவ்வளவு சுலபமாக இல்லை. ஒருவருடைய அரசியல் கருத்தையும், அவர் கேட்கும் அரசியல் வாசகத்தையும் பிரிப்பது கஷ்டம்தான் என்று லேடி ஹேல் ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கேதான் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 9-ஆவது, 10-ஆவது பிரிவுகள் உள்ளே வருகின்றன. மனசாட்சிச் சுதந்திரம், கருத்துச் சுதந்திரம். நம்பியதைச் சொல்லும் உரிமை உண்டென்றால், நம்பாததைச் சொல்லாமல் இருக்கும் உரிமையும் அதற்குள்ளேயே இருக்கிறது. சான் மரினோ நாட்டில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நற்செய்தி நூலின் மேல் சத்தியம் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதை ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 1999-இல் தவறென்று சொன்னதைத் தீர்ப்பு இங்கே நினைவூட்டுகிறது.

சூனியக்காரி வாதத்துக்கும் பதில் இதில் வந்துவிடுகிறது. கேக்கைப் பார்ப்பவர்கள் அதைக் கடைக்காரரின் கருத்து என்று நினைக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் பிரச்சினை பார்ப்பவர்களிடம் இல்லை. தான் ஆழமாக மறுக்கும் வாசகத்தைத் தன் கையால் செய்து கொடு என்று சட்டம் அவரை நெருக்குகிறதே, அதில் இருக்கிறது. நிறுவனத்துக்கு மனசாட்சி ஏது என்ற கேள்வியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நிறுவனத்தை மட்டும் பொறுப்பாக்கினால் அதன் பின்னால் இருக்கும் குடும்பத்தின் உரிமை வெறும் காகிதமாகிவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்த்தார்கள்.

நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ஒருவர் வந்து, சாதிப் பெருமை பேசும் வாசகம், பக்கத்துத் தெருக்காரர்களை மட்டம் தட்டும் ஒரு வரி, அருவாள் படம் எல்லாம் போட்டு எட்டுக்குப் பத்தில் பேனர் கேட்கிறார். ‘அண்ணே, பொண்ணு கல்யாண பேனர்னா உடனே போட்டுத் தர்றேன். இதை மட்டும் என் மெஷின்ல அடிக்க மாட்டேன்’ என்று கடைக்காரர் சொன்னால், அவர் பக்கம்தானே நாம் நிற்போம்? அந்த உரிமை அவருக்கு வேண்டுமென்றால் மெக்ஆர்தர் குடும்பத்துக்கும் வேண்டும். வாசகம் நமக்குப் பிடித்ததா இல்லையா என்பதை வைத்து உரிமையை ஏற்றி இறக்க முடியாது.

அதே நீதிபதி, வேறு தீர்ப்பு

இந்தத் தீர்ப்பை ‘மனசாட்சி வென்றது, இனி யாருக்கும் எதையும் மறுக்கலாம்’ என்று எடுத்துக்கொண்டவர்கள் நிறைய. அவர்கள் ஐந்து வருடம் பின்னால் போய் இன்னொரு தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு வயதான கிறிஸ்தவத் தம்பதி சிறிய விடுதி நடத்தினார்கள். இருவர் சேர்ந்து படுக்கும் கட்டில் உள்ள அறை, திருமணமான ஆண் பெண் ஜோடிக்கு மட்டும்தான் என்பது அவர்கள் கொள்கை. 2008 செப்டம்பரில் முன்பதிவு செய்துவிட்டு வந்த இரண்டு ஆண்களுக்கு, அவர்கள் சட்டப்படி பதிவு செய்துகொண்ட இணையர், வரவேற்பிலேயே அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் விடுதிக்காரர்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அங்கேயும் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் லேடி ஹேல்தான். இருவருக்கும் ஆளுக்கு 1,800 பவுண்ட் இழப்பீடு நிலைத்தது.

விடுதிக்காரர்களின் நம்பிக்கை பேக்கரிக்காரர்களின் நம்பிக்கையை விடக் குறைந்ததா? இல்லை, ஒரே நம்பிக்கைதான். வித்தியாசம் மறுக்கப்பட்டது எது என்பதில். கட்டிலும் மெத்தையும் எந்தக் கருத்தையும் சொல்வதில்லை. அந்த அறை மறுக்கப்பட்டது அந்த இரண்டு மனிதர்களுக்கு, அவர்கள் யார் என்பதற்காக. ஒருவரின் இனம், பால், உடல் குறைபாடு, பாலீர்ப்பு காரணமாகச் சேவை மறுப்பது மனித மாண்புக்கே இழுக்கு என்று ஆஷர்ஸ் தீர்ப்பிலேயே லேடி ஹேல் அழுத்தமாக எழுதியிருக்கிறார். பேக்கரிக்குச் சாதகமான தீர்ப்பில்தான் அந்த வரிகள் இருக்கின்றன.

இந்தக் கோட்டை அழித்துவிட்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அமெரிக்காவில் பழைய உதாரணம் உண்டு. தென் கரோலினாவின் பிக்கி பார்க் உணவகங்கள் கறுப்பின மக்களை உள்ளே உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. இனங்கள் கலப்பது தன் மத நம்பிக்கைக்கு எதிரானது என்றார் உரிமையாளர். அந்த வாதத்தை 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொருட்படுத்தவே தகுதியில்லாதது என்று தள்ளிவிட்டது. நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்த மண் இது. அங்கேயும் சாஸ்திரம், சம்பிரதாயம், மனசு ஒப்பவில்லை என்றுதான் சொன்னார்கள். இந்திய அரசமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி என்று பெயர் சொல்லித் தடை போட்டதும், தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியதும் அதனால்தான். கடை என்றால் என்ன என்ற கேள்வி 1948-இல் அரசமைப்பு அவையில் வந்தபோது, சேவை தேடி வருகிற எவருக்கும் சேவை செய்யத் தயாராக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்று அம்பேத்கர் விரிவாக விளக்கினார். சலவைக் கடை, முடிதிருத்தும் கடை எல்லாம் அதில் அடக்கம்.

டீக்கு வாசகம் கிடையாது. தம்ளரும் எதையும் பேசாது. அங்கே மறுக்கப்பட்டது மனிதர் மட்டும்தான்.

எனக்கு உறுத்தும் இடம்

கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் அது எப்போதும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

ஆஷர்ஸ் தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 2018 ஜூன் 4 அன்று, கொலராடோவின் மாஸ்டர்பீஸ் கேக்ஷாப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று பேக்கரிக்குச் சாதகமாக முடிவு செய்தது. அதனால் லேடி ஹேல் தன் தீர்ப்பின் கடைசியில் அதைப் பற்றித் தனியாகச் சில பத்திகள் சேர்த்தார். அங்கே 2012-இல் கடைக்குப் போன ஆண் ஜோடி எந்த வாசகமும் கேட்கவில்லை. கேக்கின் வடிவம் பற்றிப் பேச்சே வரவில்லை. தன்பாலினத் திருமணத்துக்குக் கேக் செய்வதில்லை என்று உரிமையாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். கேக் என் கலை, அதுவே ஒரு பேச்சு என்பது அவர் வாதம். அமெரிக்க நீதிமன்றம் அந்த முக்கியக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மாநில ஆணையம் அவருடைய மதத்தைப் பகைமையோடு பேசியது என்ற காரணத்தை வைத்து முடித்துவிட்டது. பிறகு 2023-இல், இணையதள வடிவமைப்பாளர் ஒருவரின் வழக்கில், ஆறுக்கு மூன்று என்று, அவர் உருவாக்கும் திருமண இணையதளம் அவருடைய சொந்தப் பேச்சு, அதை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றது.

இந்த அமெரிக்கப் பாதையில் எனக்குத் தயக்கம் உண்டு. எழுத்தே இல்லாத வெள்ளைக் கேக் ஒன்றை ஒரு ஜோடிக்குக் கொடுத்து, இன்னொரு ஜோடிக்கு மறுத்துவிட்டு, ‘கேக்கே என் பேச்சு’ என்றால், அப்புறம் பூக்கடைக்காரர், மேக்கப் போடுபவர், சமையல்காரர், நாதஸ்வரக்காரர் என்று யாரும் அதையே சொல்லலாம். கலை என்ற சொல்லை இழுத்துக்கொண்டே போனால் அது எல்லாக் கடையையும் மூடிவிடும். பெல்ஃபாஸ்ட் தீர்ப்பின் பலம், அது அந்த மூன்று சொற்களை விட்டு அங்கே இங்கே நகராததுதான்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. லீக்கு வேறு கடை கிடைத்தது. பெல்ஃபாஸ்ட் பெரிய நகரம். ஒரே ஒரு அச்சகமோ ஒரே ஒரு பேக்கரியோ இருக்கும் சின்ன ஊரில், அந்தக் கடைக்காரரின் மனசாட்சியே ஊரின் தணிக்கை ஆகிவிடாதா? தீர்ப்பில் இதற்கு விடை இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன யோசனை, அதாவது எதை எழுத மாட்டோம் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிய வைப்பது, சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று நினைக்கிறேன். விளம்பரத் தாளில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த திங்கட்கிழமை ஃபோனே போயிருக்காது.

அதன் பிறகு

லீ ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2022 ஜனவரி 6 அன்று அவருடைய மனு ஏற்கப்படவில்லை. நீதிபதிகள் சரி, தவறு என்று எதுவும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒப்பந்தத்தின் கீழ் தனக்குள்ள உரிமைகளை உள்நாட்டு நீதிமன்றங்களில் அவர் எழுப்பவே இல்லை, எனவே இங்கே முதல் முறையாக எழுப்ப முடியாது என்ற நடைமுறைக் காரணம்தான். பேக்கரியின் உரிமை மட்டும் அந்த ஒப்பந்தத்தின் தராசில் ஏறியது, லீயின் உரிமை ஏறவே இல்லை. ஏழரை ஆண்டு அலைந்தவருக்கு இது கொடுமையான முடிவு.

இதற்குள் அந்த மூன்று சொற்களின் நிலையே மாறிவிட்டது. 2015 நவம்பரில் வட அயர்லாந்துச் சட்டமன்றத்தில் மிகச் சிறிய பெரும்பான்மை தன்பாலினத் திருமணத்துக்குக் கிடைத்தும், ஒரு சிறப்பு விதியைப் பயன்படுத்தி அதைத் தடுத்தார்கள். கடைசியில் லண்டன் நாடாளுமன்றம் 2019-இல் சட்டம் இயற்றியது. 2020 ஜனவரி 13 முதல் வட அயர்லாந்திலும் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும்.

எனவே இனி அந்த ஊரில் ஒரு பேக்கரிக்கு வரக்கூடிய ஆர்டர் கோரிக்கை வாசகமாக இருக்காது. இரண்டு ஆண்களின் பெயரும், கீழே ‘திருமண வாழ்த்துகள்’ என்ற வரியும் போதும். ஆண் பெண் பெயரோடு அதே வரியை அந்தக் கடை நாள்தோறும் எழுதுகிறது. இந்த முறை கடைக்காரர் மறுத்தால், மறுக்கப்பட்டது வாசகமா, ஆட்களா? வாழ்த்து எல்லோருக்கும் ஒன்றுதான், மாறியது பெயர்கள் மட்டும். என் கணக்கில் அது கார்ன்வால் கட்டில்தான். இதே கேள்வியை நேராகக் கேட்கும் ஒரு வழக்கு அங்கே என்றாவது வரும், அப்போது நீதிமன்றம் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்துப் புரட்டும்.